மாதுளையின் நிறமும் பரங்கிமலைப் படிகளும்

ஒரு கவிஞரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள். படம் முழுக்க அந்தக் கவிஞர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமரா கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. இளமைப் பருவத்துக் கவிஞராக நடிப்பவர் ஒரு பெண். அதே பெண்தான் அவருடைய காதலியாகவும் வருகிறார். எல்லாம் முடிந்து படம் வெளிவரும் நேரத்தில், தலைப்பிலிருந்து அந்தக் கவிஞரின் பெயரையே எடுத்துவிடுகிறார்கள்!

கேட்டால் கதை போல இருக்கும். ஆனால் இது நடந்தது. சோவியத் ஆர்மீனியாவில் 1969-ல் வெளியான அந்தப் படத்தின் பெயர் "மாதுளையின் நிறம்". இயக்கியவர் செர்கெய் பரஜானோவ். பெயரை இழந்த கவிஞர் சயாத் நோவா.

ஆர்மீனியா எங்கே இருக்கிறது, தாம்பரம் எங்கே இருக்கிறது என்று தோன்றலாம். தூரம்தான். ஆனால் சயாத் நோவாவை ஆதரித்த அதே மன்னருக்கு 18-ம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து கடிதங்கள் போயிருக்கின்றன. தாம்பரம்-பீச் மின்சார ரயில் தினமும் கடந்து போகும் இரண்டு இடங்களில் அந்தக் காலத்து ஆர்மீனியர்களின் கைவேலை இருக்கிறது. அந்த இடங்களுக்குப் போவதற்கு முன் படத்தையும் கவிஞரையும் பார்த்துவிடலாம்.

யார் இந்த சயாத் நோவா?

இயற்பெயர் ஹாருத்யுன். பிறந்த ஊர் திஃப்லிஸ், அதாவது இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசி. பிறந்த ஆண்டு 1712 என்று பொதுவாகச் சொல்வார்கள். 1722 என்று சொல்பவர்களும் உண்டு. எளிய குடும்பம். சிறு வயதில் நெசவு கற்றுக்கொண்டவர்.

அந்தப் பகுதியில் பாட்டுப் பாடி ஊர் ஊராகப் போகும் கவிஞர்களை "அஷூக்" என்பார்கள். நம் சங்க காலப் பாணர்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். கையில் ஒரு இசைக்கருவி, வாயில் சொந்தப் பாட்டு, அரசன் கொடுத்தால் வாழ்வு. சயாத் நோவாவின் கருவி கமாஞ்சா என்ற வில் வாத்தியம். அவர் ஆர்மீனியம், ஜார்ஜியம், அசர்பைஜானித் துருக்கி என்று மூன்று மொழிகளில் பாடினார். மூன்று மக்களும் இன்றுவரை அவரைத் தங்களுடையவர் என்கிறார்கள்.

மன்னர் இரண்டாம் எரெக்லேயின் அவையில் அவர் பாடகராக இருந்தார். பிறகு அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஏன்? மன்னரின் சகோதரி அன்னாவைக் காதலித்தார் என்கிறது மக்கள் வழக்கு. அதன்பின் பாதிரியாரானார். 1795-ல் பாரசீகத்தின் ஆகா முகமது கானின் படை திஃப்லிஸைச் சூறையாடியபோது கொல்லப்பட்டார். திபிலீசியில் உள்ள புனித ஜார்ஜ் ஆர்மீனியத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

ஏறக்குறைய இவ்வளவுதான். பாட்டுகள் நிறைய இருக்கின்றன, அவர் பாட்டுகளை எழுதி வைத்த நோட்டும் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை வரலாறு என்று பார்த்தால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதிலும் பாதி கேள்விப்பட்ட கதை.

நம்மிடமும் இப்படி ஒருவர் உண்டு

தமிழில் இதற்கு மிக நெருக்கமான கதை அம்பிகாபதி. கம்பரின் மகன், சோழ இளவரசி அமராவதியைக் காதலிக்கிறான். காதல் கலக்காமல் நூறு பாட்டு பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது நிபந்தனை. கடவுள் வாழ்த்தையும் கணக்கில் சேர்த்துவிட, தொண்ணூற்று ஒன்பதிலேயே நூறு முடிந்தது என்று அமராவதி எட்டிப் பார்க்க, கதை முடிகிறது. ஒரு எண்ணிக்கைத் தவறில் போன உயிர்! இது வரலாறா என்றால் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

இந்தக் கதையைத் தமிழ் சினிமா இரண்டு முறை பெரிய அளவில் எடுத்தது. 1937-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடிக்க, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். 1957-ல் சிவாஜியும் பானுமதியும் நடிக்க, ப. நீலகண்டன் இயக்கினார். இரண்டிலும் வசனம், பாட்டு, காதல், சபை, தண்டனை எல்லாம் வரிசையாக வரும். 2000-ல் ஞான ராஜசேகரன் எடுத்த "பாரதி" இன்னும் பொறுப்போடு எடுக்கப்பட்ட படம். சாயாஜி ஷிண்டே பாரதியாக நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதிலும் பாரதியின் வாழ்க்கைச் சம்பவங்கள்தான் முதுகெலும்பு.

ஒரு கவிஞரைப் பற்றிப் படம் என்றால் பார்ப்பவர் எதிர்பார்ப்பது இதைத்தான். பிறந்தார், பாடினார், காதலித்தார், கஷ்டப்பட்டார், இறந்தார். பரஜானோவ் கையிலும் இதே மாதிரி சரக்கு இருந்தது. அரசவை, இளவரசி, துறவு, படையெடுப்பு. ஒரு முழுநீளப் பிரம்மாண்டப் படத்துக்குத் தேவையான எல்லாம். அவர் அதைத் தொடவே இல்லை.

படத்தில் என்னதான் இருக்கிறது?

வெள்ளைத் துணி மேல் மூன்று மாதுளம்பழங்கள். அவற்றின் சாறு துணியில் மெல்லப் பரவுகிறது. ஒரு குத்துவாள். எழுத்து பொறித்த கல்லின் மேல் திராட்சையை மிதிக்கும் ஒரு வெறுங்கால். படம் இப்படித்தான் தொடங்குகிறது.

அப்புறம் குழந்தைப் பருவம். மழையில் நனைந்துபோன மடாலயத்துப் புத்தகங்களைக் கல்லால் அழுத்தித் தண்ணீரைப் பிழிகிறார்கள். பிறகு கூரை மேலும் சுவர் மேலும் விரித்துக் காயவைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஏடுகள் காற்றில் படபடக்க, நடுவில் சிறுவன் படுத்திருக்கிறான். அவன் புத்தகத்தை நேசித்தான் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

சாயத் தொட்டியிலிருந்து கம்பளி நூலை அள்ளி எடுக்கிறார்கள். சாயம் தாம்பாளத்தில் சொட்டுகிறது. நெசவு தெரிந்த ஒருவரின் பிள்ளைப் பருவம் இந்த ஒரு காட்சியில் வந்துவிடுகிறது. காதல் என்றால் ஒரு பின்னல் துணி, அதன் பின்னால் ஒரு முகம், அவ்வளவுதான். ஜார்ஜிய நடிகை சோஃபிகோ சியாவுரேலி கவிஞராகவும் காதலியாகவும் இன்னும் சில வேடங்களிலும் வருகிறார். காதலிக்கிறவருக்கும் காதலிக்கப்படுகிறவருக்கும் ஒரே முகம்! இதைப் பத்துப் பக்க வசனத்தில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக வராது.

ஒரு தலைமைக் குருவின் மரணத்தின்போது தேவாலயம் முழுக்க ஆட்டு மந்தை நிரம்பி நிற்கிறது. கவிஞரின் மரணத்தில் எரியும் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவர் படுத்திருக்க, வெள்ளைக் கோழிகள் துடித்து விழுகின்றன. பாத்திரங்கள் பேசுவதில்லை. பின்னணியில் பாட்டும் கவிதை வரிகளும் மட்டும். இசை திக்ரான் மன்சூரியன், ஒளிப்பதிவு சுரேன் ஷாபாஸியன். ஹக்பாத், சனாஹின் போன்ற பழைய மடாலயங்களிலேயே படம் பிடித்தார்கள். அட்டைச் சுவர்கள் இல்லை, உண்மையான கல்.

முதல் தடவை பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அது இயல்புதான். கோயில் பிரகாரத்தில் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பது போல இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தூணிலும் ஒன்று இருக்கும். கதை வரிசையாக இருக்காது. ஆனால் சுற்றி முடித்தபின் ஏதோ ஒன்று கூடவே வரும்.

பரஜானோவ் ஏன் இப்படி எடுத்தார் என்பதற்கு அவர் வளர்ந்த வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அவரும் சயாத் நோவா பிறந்த அதே திபிலீசியில், 1924-ல், ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா பழம்பொருள் வியாபாரி. ஒரு கிண்ணத்தையோ கம்பளத்தையோ பார்த்து அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யோசிக்கும் வழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதர்கள் போய்விடுவார்கள், அவர்கள் பயன்படுத்திய பொருள் கடைக்கு வரும். கவிஞரைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்தி கொஞ்சம்தான் என்றால், இல்லாத சம்பவத்தைப் புனைவதைவிட அவர் தொட்டிருக்கக்கூடிய பொருள்களைக் காட்டுவது நேர்மையான வேலைதானே?

பெயர் போன கதை

சோவியத் அதிகாரிகள் அப்படி நினைக்கவில்லை. இந்தப் படத்தைப் பார்த்தால் சயாத் நோவாவைப் பற்றி மக்கள் என்ன தெரிந்துகொள்வார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. படத்துக்கு முதலில் வைத்த பெயர் "சயாத் நோவா". அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். உள்ளே வரும் எழுத்துகளிலிருந்தும் கவிஞரின் பெயர் நீக்கப்பட்டது. ஹிராந்த் மத்தெவொஸ்யான் என்ற ஆர்மீனிய எழுத்தாளர் புதிய இடைத்தலைப்புகளை எழுதிக் கொடுத்தார். "மாதுளையின் நிறம்" என்ற பெயரோடு 1969-ல் ஆர்மீனியாவில் படம் வெளியானது. அதுவும் போதவில்லை. மற்ற சோவியத் பகுதிகளுக்காக செர்கெய் யுத்கேவிச் என்ற இயக்குநர் படத்தை மறுபடி வெட்டி, மாற்றி அடுக்கினார். நீண்ட காலம் உலகம் பார்த்தது பெரும்பாலும் அந்த வெட்டிய பிரதியைத்தான்.

இயக்குநருக்கு நடந்தது இன்னும் மோசம். 1973 டிசம்பரில் பரஜானோவ் கைது செய்யப்பட்டார். ஓரினச்சேர்க்கை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் 5 ஆண்டு தண்டனை. உலகின் பல பக்கங்களிலிருந்தும் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் நேரடியாக பிரெஷ்னேவிடமே பேசினார். 1977 டிசம்பரில், ஓர் ஆண்டு முன்னதாக, விடுதலை. 1982-ல் மறுபடி கைது, பல மாதச் சிறை. ஒரு நாட்டின் மிகச் சிறந்த இயக்குநர்களில் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் ஒரு முழுநீளப் படம்கூட எடுக்க முடியாமல் இருந்தார். சிறையில் கேமரா இல்லை. கையில் கிடைத்த காகிதம், துணி, குப்பையை வைத்து ஒட்டுச் சித்திரங்கள் செய்தார். பொருளைப் பேசவைக்கும் வித்தையை மட்டும் யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.

1990-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 2014-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அறக்கட்டளையும் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் சேர்ந்து படத்தைப் பழைய நிலைக்கு மீட்டு, கான் விழாவில் திரையிட்டன. 2020-ல் லேடி காகாவின் ஒரு பாட்டுக்கு, பஞ்சாபில் பிறந்த தர்செம் சிங் இயக்கிய வீடியோ முழுக்க இந்தப் படத்தின் சாயல்தான். பெயரை வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மாதுளம்பழம் இருக்கிறது.

இனி மதராஸுக்கு வருவோம்

சயாத் நோவா திஃப்லிஸில் பாடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் மதராஸ் ஆர்மீனியர்களின் முக்கியமான ஊர்களில் ஒன்று. அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை வேரோடு பிடுங்கித் தன் தலைநகர் இஸ்ஃபஹானுக்கு அருகில் குடியேற்றினார். அங்கே உருவான புதிய ஜுல்ஃபாவிலிருந்து அவர்கள் பட்டு வியாபாரிகளாக உலகம் முழுக்கப் போனார்கள். 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்பின் கம்பெனியின் ஊர்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. நாடு இல்லாதவர்களுக்குக் கணக்குப் புத்தகம்தான் நாடு.

அப்படி வந்தவர்தான் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். மாம்பலம் என்பதுதான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது என்பார்கள். அதோடு நிற்கவில்லை. பரங்கிமலை உச்சியில் உள்ள தேவாலயத்துக்குப் போக நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கட்டிக் கொடுத்தார். இரண்டையும் பராமரிக்கத் தனியாக நிதியும் ஒதுக்கி வைத்தார். கட்டுவது ஒரு நாள் செலவு, பராமரிப்பது தலைமுறைச் செலவு என்பது வியாபாரிக்குத் தெரியும்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது, தங்கள் பக்கம் வரச் சொல்லி உஸ்கானை அழைத்தார்கள். அவர் மறுத்தார். மதராஸில் இருந்த சொத்து பறிபோனது. 1751-ல் இறந்தபோது உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். பரஜானோவ் படத்தில் இப்படி ஒரு காட்சி இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் ஷஹாமீர் ஷஹாமிரியான். இவரும் மதராஸ் வியாபாரிதான். 1772-ல் இங்கே ஓர் ஆர்மீனிய அச்சகம் நடத்தினார். ஆர்மீனியா ஒரு நாள் சுதந்திர நாடானால் அதற்கு என்ன சட்டம் இருக்க வேண்டும் என்று 521 பிரிவுகளில் ஒரு புத்தகமே அங்கே அச்சானது. முகப்பில் 1773 என்று இருக்கும். நாடே கிடையாது, அரசியல் சட்டம் தயார்! அந்த நாடு உருவாக உதவுவார் என்று நம்பி இவர் தொடர்பு வைத்திருந்தது யாரோடு தெரியுமா? இரண்டாம் எரெக்லேயோடு. சயாத் நோவாவை அவையில் வைத்திருந்து பின் வெளியே அனுப்பிய அதே மன்னர்.

இன்னும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 1794-ல் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் "அஸ்தரார்" மதராஸில்தான் தொடங்கியது. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. நடத்தியவர் ஒரு பாதிரியார், ஹாருத்யுன் ஷ்மாவோனியான். சயாத் நோவாவின் இயற்பெயரும் ஹாருத்யுன்தான். ஆர்மீனிய மொழியில் உயிர்த்தெழுதல் என்று பொருள். 1795-ல் ஒரு ஹாருத்யுன் பாதிரியார் திஃப்லிஸில் வெட்டுப்பட்டுச் சாகிறார். அதே ஆண்டு இன்னொரு ஹாருத்யுன் பாதிரியார் மதராஸில் அதே மொழியின் எழுத்துகளை ஈயத்தில் கோர்த்து அச்சடித்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் அறிமுகம் இருந்திருக்காது. ஆனால் ஒரு மொழி தப்பிப் பிழைப்பது இப்படித்தான். ஒரு பக்கம் விழும்போது, கடல் தாண்டி யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இன்று மிச்சம் என்ன?

பழைய மர்மலாங் பாலம் போய்விட்டது. அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பெயரிலான பாலம். பல்லாவரத்தில் வாழ்ந்த தமிழறிஞரின் பெயர் தென்சென்னையின் வாசலில் நிற்பது பொருத்தம்தான். உஸ்கானின் கல்வெட்டு மட்டும் தப்பித்தது. பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெருவில், 1772-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயமும் அதன் ஆறு பெரிய மணிகளும் இருக்கின்றன. வளாகத்தில் அஸ்தரார் நடத்திய பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. வழிபட ஓர் ஆர்மீனியச் சமூகம்தான் இங்கே இல்லை.

பரங்கிமலைப் படிகளில் இன்றும் மக்கள் ஏறுகிறார்கள். வேண்டுதலுக்காக ஏறுபவர்கள், காற்று வாங்க ஏறுபவர்கள், மேலே போய் விமானம் இறங்குவதைப் பார்க்க ஏறுபவர்கள். கட்டியவர் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் படி ஏற்றிவிடுகிறது.

பரஜானோவ் செய்ததும் இதைத்தான். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை அவர் பாடம் நடத்தவில்லை. பெயரை வெட்டினாலும் நிற்கக்கூடிய பொருள்களை வைத்துக் கட்டினார். அதிகாரிகள் பெயரை வெட்டினார்கள், படம் நின்றது. படம் வெறும் தகவலாக இருந்திருந்தால் பெயரோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும்.

ஆனால் இதில் ஒரு பாதி மட்டும்தான் ஆறுதல். "மாதுளையின் நிறம்" பார்த்தவர்கள் யார் இந்தக் கவிஞர் என்று தேடிப் போனார்கள். அதனால் வெட்டப்பட்ட பெயர் திரும்பி வந்தது. இன்று அந்தப் படத்தை "சயாத் நோவா" என்றும் சொல்கிறார்கள். பரங்கிமலைப் படிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அங்கே யாரும் எதையும் தடை செய்யவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பெயரை அழிக்கத் தணிக்கை அதிகாரிதான் வேண்டும் என்றில்லை. ஏறுகிறவர்கள் குனிந்து பார்க்காமல் போனாலே போதும்.

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் மலை பக்கம்தான். அடுத்த முறை ஏறும்போது, பெட்ரஸ் உஸ்கான் என்ற பெயரை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும். 1726-ல் போட்ட முதலுக்கு இன்னும் வட்டி வந்துகொண்டிருக்கிறது.